கிளவுட் இல்லாமல் கைபேசியையும் கணினியையும் ஒத்திசைப்பது: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

ஊர் ஊராகச் சென்று முதியவர்களின் நினைவுகளைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்வது நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது கைபேசியில் மூன்று நான்கு மணி நேர ஒலிப்பதிவும், நூற்றுக்கு மேற்பட்ட ஒளிப்படங்களும், நான் தட்டச்சு செய்த குறிப்புகளும் சேர்ந்திருக்கும். பேசியவர்கள் என்னை நம்பிப் பேசியவர்கள். குடும்பத்துக்குள் நடந்ததையும் நிலத் தகராற்றையும் சொன்ன குரல், எங்கோ ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் போய்த் தங்குவதற்கு அவர்கள் ஒப்புதல் தரவில்லை. கிளவுட்டை நான் தவிர்ப்பதற்கு முதற்காரணம் இதுதான். இடமும் இன்னொரு காரணம்: கூகிள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை மின்னஞ்சல், டிரைவ், ஃபோட்டோஸ் ஆகிய மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன, 2021 ஜூன் 1 முதல் சுருக்கப்பட்ட படங்களும் அந்தக் கணக்கிலேயே சேர்கின்றன. மேலும், சிக்னல் ஒரு கோடு காட்டும் ஊரில் அமர்ந்துகொண்டு இரண்டு ஜிபியை மேலேற்றுவது நடக்கிற காரியமன்று.

எனவே இணையத்தில் எவருடைய சேமிப்பகத்தையும் நாடாமல் கைபேசிக்கும் கணினிக்கும் இடையே கோப்புகளைக் கொண்டுசெல்லும் வழிகளை ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தேன். என்னிடம் இருப்பவை ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி, ஒரு விண்டோஸ் மடிக்கணினி, வீட்டில் லினக்ஸில் இயங்கும் ஒரு மேசைக்கணினி. ஐபோன் பற்றிச் சொல்வது என் தம்பியின் கருவியில் பழகியது.

செயலியைத் தேடுவதற்கு முன்

எந்தச் செயலி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: கைபேசியில் ஒரு கோப்பை அழித்தால் கணினியில் இருக்கும் பிரதி என்ன ஆக வேண்டும்? இதற்கு விடை தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு நாள் இழப்பு நேரும்.

நகலெடுப்பது, ஒத்திசைப்பது, காப்புப்பிரதி எடுப்பது ஆகிய மூன்றையும் பேச்சில் ஒன்றாகவே சொல்கிறோம். நகலெடுத்தால் இரண்டு பிரதிகள் உண்டாகின்றன. அதன்பின் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை. ஒத்திசைத்தால் இரண்டு இடங்களும் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும்; ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கமும் திருந்தும், ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். காப்புப்பிரதி என்பது ஒரு பக்கம் நேரும் அழிவு மறுபக்கத்தைத் தொடாதபடி விலக்கி வைக்கப்பட்ட பிரதி.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கைபேசியில் இடம் போதாமல் ஒரு மாலையில் பழைய ஒலிப்பதிவுகளை அழித்தேன். கணினியில் அவை இருக்கின்றன என்ற தைரியத்தில்தான் அழித்தேன். ஆனால் நான் அமைத்திருந்தது இருவழி ஒத்திசைவு. அன்று இரவுக்குள் கணினியிலிருந்தும் அவை போய்விட்டன. வெளி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு மாதங்களுக்கு முந்தைய நகல் இருந்ததால் பெரும்பகுதி மீண்டது. அதற்குப் பின் பதிவான ஒரு மூதாட்டியின் இரண்டு மணி நேரப் பேச்சு மட்டும் மீளவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை. அந்தச் செயலி, தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டதுதான் பிழை. கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

கேபிள்

எல்லோருக்கும் தெரிந்த வழி யூஎஸ்பி கேபிள். கைபேசியைக் கணினியில் செருகி, திரையில் வரும் அறிவிப்பைத் தட்டி, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தால் போதும். செயலி, கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம். பெரிய அளவில் ஒரே தடவையில் நகர்த்துவதற்கு இன்றும் இதுதான் நம்பகமானது. யூஎஸ்பி 2.0-இன் ஏட்டளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி வரை கிடைக்கும். அந்தக் கணக்கில் 20 ஜிபி ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் வந்துசேரும். டைப்-சி வாய் இருப்பதாலேயே வேகம் கூடிவிடும் என்று எண்ண வேண்டாம். டைப்-சி வாய் கொண்ட பல கைபேசிகள் உள்ளே யூஎஸ்பி 2.0 வேகத்திலேயே இயங்குகின்றன. ஐபோன் 15-கூட அப்படித்தான். அதே ஆண்டின் புரோ வகைக்குத்தான் யூஎஸ்பி 3 வேகம் உண்டு, அதற்கும் தனிக் கேபிள் வேண்டும்.

கேபிளின் குறைகள் அதன் பின்னால் இயங்கும் எம்டிபி என்ற நெறிமுறையில் இருக்கின்றன. தொடக்கக் கால ஆண்ட்ராய்டு கைபேசிகள் கணினியில் செருகியதும் ஒரு பென்டிரைவ் போலவே தெரிந்தன. ஆனால் அந்த முறையில், கணினி சேமிப்பகத்தைக் கையில் எடுத்திருக்கும் நேரம் முழுவதும் கைபேசியால் அதைப் பயன்படுத்த முடியாது. அந்தச் சிக்கலைத் தீர்க்கவே 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0-இலிருந்து எம்டிபி நுழைந்தது. இதில் கணினி சேமிப்பகத்தை நேரடியாகத் தொடுவதில்லை. 'இந்தக் கோப்பைக் கொடு' என்று கைபேசியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. அதனால் ஒரு பெரிய காணொளி விரைவாக வரும். அதே அளவுள்ள ஐயாயிரம் சிறு படங்கள் இழுத்துக்கொண்டே இருக்கும். கைபேசி தன் ஊடகப் பட்டியலில் இன்னும் சேர்க்காத புதிய கோப்பு கணினியில் தெரியாமலும் போகலாம். கைபேசியை ஒரு முறை அணைத்து இயக்கினால் பெரும்பாலும் தெரியும்.

என் வேலைக்கு இன்னொரு குறை பெரிதாகப்பட்டது. எம்டிபி வழியாக நகலெடுக்கும்போது, சில வேளைகளில் கோப்பு உருவான தேதி போய், நகலெடுத்த நேரமே அதன் தேதியாகப் பதிந்துவிடும். ஒளிப்படத்துக்கு இதனால் கேடில்லை. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஒலிப்பதிவுக்கும் குறிப்புக்கும் அத்தகைய பாதுகாப்பு இருக்குமென்று நம்ப முடியாது. அதனால்தான் ஒலிப்பதிவுச் செயலியில் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், நேரம் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். கட்டளை தட்டிப் பழகியவர்கள் ஆண்ட்ராய்டின் ஏடிபி கருவியைப் பயன்படுத்தலாம்; அதன் 'pull' கட்டளையோடு '-a' என்ற தேர்வைச் சேர்த்தால் அது தேதியைக் காத்து, கோப்புறை முழுவதையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் அதற்காகக் கைபேசியில் 'யூஎஸ்பி பிழைத்திருத்தம்' என்ற அமைப்பைத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறவாமல் மூடவும் வேண்டும்.

மேக் கணினியில் கேபிள் வழி இன்னும் கடினம். அங்கே எம்டிபி இயல்பாக இயங்காது. கூகிள் முன்பு வழங்கிவந்த பரிமாற்றச் செயலியை இப்போது வழங்குவதில்லை. ஓப்பன்எம்டிபி என்ற திறமூலச் செயலி (மூல நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருப்பது) அந்த இடத்தை நிரப்புகிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஒன்றுண்டு. கைபேசி கீழே விழுந்து திரை உடைந்துவிட்டால், பூட்டைத் திறக்க முடியாது; பூட்டைத் திறக்காமல் கேபிள் கோப்புகளைக் காட்டாது. தண்ணீரில் விழுந்தால் சொல்லவே வேண்டாம். கேபிள் நம் நினைவை நம்பியிருக்கும் வழி. விபத்தோ நாம் நினைவுகொண்ட நாளுக்கு முந்தின நாள்தான் பெரும்பாலும் நேர்கிறது. தானாக நடக்கும் ஒரு வழியைத் தேடி நான் போனதற்கு இதுவே காரணம்.

ஒரு கோப்பை மட்டும் அனுப்ப

அவ்வப்போது ஒன்றிரண்டு கோப்புகளை அனுப்புவதற்குப் பல வழிகள் உள்ளன. அவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். ப்ளூடூத் எங்கும் கிடைக்கும், ஆனால் வேகம் நொடிக்கு இரண்டு மெகாபிட் அளவில்தான் இருக்கும்; ஒரு ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். கூகிளின் நியர்பை ஷேர் 2024-இல் சாம்சங்கின் குயிக் ஷேருடன் இணைந்து, இப்போது அந்தப் பெயரிலேயே விண்டோஸிலும் கிடைக்கிறது. ஆப்பிள் கருவிகளுக்கிடையே ஏர்டிராப் உண்டு. எல்லா வகைக் கருவிகளும் கலந்திருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது லோக்கல்சென்ட் என்ற திறமூலச் செயலியை: விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் அனைத்திலும் ஒரே முகத்தோடு இயங்குகிறது, கணக்கு கேட்பதில்லை, இணையத் தொடர்பும் தேவையில்லை. கேடிஇ கனெக்ட் இன்னும் ஒரு படி மேலே போய், கைபேசியின் அறிவிப்புகளைக் கணினியில் காட்டுகிறது, ஒரு பக்கம் நகலெடுத்த வரியை மறுபக்கம் ஒட்ட உதவுகிறது, கைபேசியின் கோப்புறைகளைக் கம்பியில்லாமலே கணினியில் திறக்கிறது. லினக்ஸ் பயன்படுத்துவோர் இதை நிறுவாமல் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால் இவை அனைத்தும் அனுப்பும் கருவிகள். நேற்று எதை அனுப்பினோம், இன்று எது புதியது என்ற நினைவு இவற்றுக்கில்லை. மாதம் ஐந்நூறு கோப்புகள் சேரும் ஒருவர் இவற்றை மட்டும் நம்பினால் எது வந்தது, எது வரவில்லை என்று தேடுவதிலேயே நாள் போகும்.

சின்க்திங்

2013-இல் தொடங்கப்பட்ட சின்க்திங் என்ற திறமூல மென்பொருள்தான் இப்போது என் வேலையின் நடுவில் இருக்கிறது. கணினியில் ஒன்று, கைபேசியில் ஒன்று என நிறுவி, ஒரு கருவியின் அடையாள எண்ணை மற்றொன்றுக்குச் சொல்லி, இரு பக்கமும் ஒப்புக்கொண்ட பின்னரே எதையும் பகிர்கிறது. கைபேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்த நீண்ட எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எந்தக் கோப்புறை எந்தக் கருவியோடு பகிரப்பட வேண்டும் என்பதைத் தனித்தனியே தீர்மானிக்கலாம். கோப்புகளைத் துண்டுகளாகப் பிரித்து ஒப்பிடுவதால், பெரிய கோப்பில் சிறு பகுதி மாறினால் அந்தப் பகுதி மட்டும் பயணிக்கிறது. பாதியில் வைஃபை போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பயணம் முழுவதும், இடையில் எவரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

கிளவுட் வேண்டாம் என்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சின்க்திங் தன் இயல்பான அமைப்பில், வெவ்வேறு இடங்களிலிருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கண்டறிவதற்காகப் பொதுவான வழிகாட்டிச் சேவையகங்களையும், நேரடித் தொடர்பு கிடைக்காதபோது இடைநிலைச் சேவையகங்களையும் பயன்படுத்துகிறது. இவற்றில் கோப்புகள் சேமிக்கப்படுவதில்லை. இடைநிலைச் சேவையகத்தால் உள்ளடக்கத்தைப் படிக்கவும் முடியாது. ஆனாலும் நம் கருவியின் அடையாளமும் இணைய முகவரியும் வெளியே தெரிகின்றன. வீட்டுக்குள் மட்டும் ஒத்திசைத்தால் போதும் என்பவர்கள் அமைப்புகளில் உலகளாவிய கண்டறிதலையும் இடைநிலைச் சேவையையும் அணைத்துவிட்டு, உள்ளூர்க் கண்டறிதலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது அழித்தல் கேள்விக்கு வருவோம். சின்க்திங்கில் ஒரு கோப்புறையை 'அனுப்ப மட்டும்' என்றும் 'பெற மட்டும்' என்றும் அமைக்க முடியும். கைபேசியை 'அனுப்ப மட்டும்' என்று வைத்துவிட்டால் கணினியிலுள்ள பிரதி பாதுகாப்பாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு. கைபேசி அனுப்புவது புதிய கோப்புகளை மட்டுமன்று, அழித்த செய்தியையும் சேர்த்தே அனுப்புகிறது. கணினி அதைப் பெற்று, தன் பிரதியையும் நீக்கிவிடும். இதிலிருந்து காப்பது 'கோப்புப் பதிப்புகள்' என்ற அமைப்பு. கணினிப் பக்கத்தில் இதை இயக்கிவிட்டால், மறுபக்கத்திலிருந்து வந்த மாற்றத்தாலோ அழிவாலோ நீங்கும் பழைய கோப்பு தனியே ஒரு மறைவான கோப்புறைக்குள் போய்ச் சேரும். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். சின்க்திங்கை நிறுவும் அன்றே இதை இயக்குங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள்.

இதற்கும் மேலாக நான் கடைப்பிடிக்கும் ஒரு முறை உண்டு. ஒத்திசைவுக் கோப்புறையை வீட்டின் திண்ணையைப் போல வைத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து வரும் எல்லாமும் முதலில் அங்கே வந்து இறங்கும். வாரம் ஒரு முறை கணினியில் அமர்ந்து, ஒவ்வொரு பதிவையும் திறந்து கேட்டுச் சரிபார்த்த பின், ஒத்திசைவில் சேராத நிரந்தரக் கோப்புறைக்குள், அதாவது வீட்டின் உள்ளறைக்குள், நகர்த்துகிறேன். நகர்த்தியதும் திண்ணை காலியாகிறது. இருவழி ஒத்திசைவு என்பதால் கைபேசியிலும் அந்தக் கோப்புகள் நீங்கி இடம் கிடைக்கிறது. முன்பு எனக்கு இழப்பைத் தந்த அதே இயல்பு இப்போது கைபேசியைத் துப்புரவாக வைக்கிறது. கைபேசியில் நான் கையால் எதையும் அழிப்பதில்லை என்பது இந்த முறையின் முதல் விதி. உள்ளறைக்குப் போனவை மறுநாளே வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஏற வேண்டும் என்பது இரண்டாவது விதி. ஏனெனில் அந்த நேரத்தில் அவை ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

ஒரே குறிப்பை இரு பக்கமும் ஒத்திசைவு நடக்குமுன் திருத்திவிட்டால் சின்க்திங் இரண்டையும் கலக்க முயலாது. பிந்திய திருத்தம் பழைய பெயரில் நிற்கும்; முந்தியது 'முரண்' என்ற பொருளுடைய குறிப்பும் தேதியும் சேர்ந்த புதுப் பெயரோடு பக்கத்திலேயே கிடக்கும். எதுவும் தொலைவதில்லை, ஆனால் நாம்தான் இரண்டையும் படித்து இணைக்க வேண்டும். நாள்தோறும் இரு பக்கமும் எழுதுபவர்கள், கைபேசிக்கு ஒரு குறிப்பேடு, கணினிக்கு ஒன்று என்று கோப்பையே பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு நுட்பமும் இங்கே உண்டு. 'கோவில்' என்பதில் உள்ள 'கோ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பிரித்தே எழுதியது. பிற இயங்குதளங்களில் பெரும்பாலும் சேர்த்தே எழுதப்படுகிறது. இதனால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதுபோலத் தோன்றும் நிலை வரக்கூடும். சின்க்திங் இத்தகைய பெயர்களைத் தானே சீராக்க முயல்கிறது. எல்லாக் கருவிகளும் அப்படிச் செய்வதில்லை. கைபேசியில் பெயருக்குள் முக்காற்புள்ளி இட்டால் அந்தக் கோப்பை விண்டோஸ் ஏற்காது என்பதையும் இதனோடு நினைவில் கொள்ளலாம். '10:30 பேட்டி' என்று பெயரிட்ட கோப்பு கைபேசியிலேயே நின்றுவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சின்க்திங் குழுவினர் தம் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலியை நிறுத்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தனர். அந்த ஆண்டு டிசம்பரோடு புதிய வெளியீடுகள் நின்றன. கூகிள் பிளேயில் வெளியிடுவதில் இருந்த கடினமும், பராமரிக்க ஆள் இல்லாததும் காரணம். கணினி மென்பொருள் தொடர்கிறது. ஆண்ட்ராய்டில் சின்க்திங்-ஃபோர்க் என்ற கிளைச் செயலி எஃப்-டிராய்டு தளத்தில் கிடைக்கிறது. ஆர்வலர்களின் உழைப்பில் நிற்கும் மென்பொருளை நம்பும்போது, அது நின்றுபோனால் நம் கோப்புகள் என்னவாகும் என்று கேட்க வேண்டும். சின்க்திங்கில் கோப்புகள் சாதாரணக் கோப்புகளாகவே நம் கோப்புறைகளில் கிடக்கின்றன. செயலி நாளையே மறைந்தாலும் அவை மறைவதில்லை. என்னை இது பெரிதும் ஆறுதல்படுத்துகிறது.

பேட்டரி சேமிப்பு என்ற பெயரில் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடும் வழக்கம் பல கைபேசிகளில் உண்டு. அமைப்புகளில் இந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று குறிக்காவிட்டால், இரண்டு வாரம் கழித்துத்தான் எதுவும் வரவில்லை என்பதே தெரியும். மெமரி கார்டில் எழுதும் உரிமையை ஆண்ட்ராய்டின் சில பதிப்புகள் இத்தகைய செயலிக்குத் தருவதில்லை. அவற்றில் கார்டிலிருந்து அனுப்பலாம், கார்டுக்குப் பெற முடியாது. மேலும் இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் ஒத்திசைவு நடக்கும். மடிக்கணினியை இரவில் மூடிவைப்பவர்களுக்கு, எப்போதும் இயங்கும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினி ஒன்றை மூன்றாவது கருவியாகச் சேர்ப்பது நல்ல தீர்வு.

பகிர்ந்த கோப்புறையும் கால அட்டவணையும்

சின்க்திங்கின் இருவழித்தன்மையே அச்சம் தருகிறது, கைபேசியிலிருந்து கணினிக்குப் படங்கள் தானாக வந்தால் போதும் என்பவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி. விண்டோஸில் ஒரு கோப்புறையை வீட்டு வலையமைப்பில் பகிர்ந்துவிட்டு, ஆண்ட்ராய்டில் ஃபோல்டர்சின்க் போன்ற செயலியை நிறுவினால், இரவில் சார்ஜில் இருக்கும்போது, வீட்டு வைஃபையில் மட்டும், கேமரா கோப்புறையில் புதிதாக வந்தவற்றை அது கணினிக்கு நகலெடுக்கும். அழித்தலைப் பின்பற்றாதே என்று அதனிடம் சொல்ல முடியும். கைபேசியில் எதை அழித்தாலும் கணினியில் இருப்பது இருக்கும். படங்களை மட்டும் காக்க நினைக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் இதுவே பொருத்தம். அவர்கள் கைபேசியில் தாராளமாக அழிப்பார்கள், அழிக்கவும் வேண்டும்.

விண்டோஸ் பகிர்வை அமைப்பது முதல் முறை சற்றுப் பொறுமையைச் சோதிக்கும். வலையமைப்பு 'தனிப்பட்டது' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்க வேண்டும். அதைச் செயலியிலும் தர வேண்டும். பழைய செயலி ஏதேனும், விண்டோஸ் பகிர்வு இயங்கும் நெறிமுறையான எஸ்எம்பி-யின் முதல் பதிப்பைக் கணினியில் இயக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2017-இல் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னகிரை என்ற தீநிரல் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான்.

லினக்ஸில் ஊறியவர்கள் கைபேசியில் டெர்மக்ஸை நிறுவி ஆர்சின்க்கை இயக்கினால் இதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யலாம். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐபோன்

ஐபோனில் நிலைமை வேறு. பின்னணியில் ஒரு செயலி நீண்ட நேரம் இயங்குவதை ஆப்பிள் அனுமதிப்பதில்லை. சின்க்திங்குடன் பேசும் செயலிகள் ஐபோனுக்கும் உள்ளன. ஆனால் நாம் திறந்து வைத்திருக்கும்போதுதான் அவற்றை நம்ப முடியும். அதனால் ஐபோன்காரர்களுக்கு என் முதல் பரிந்துரை ஆப்பிளின் சொந்த வழிதான். மேக்கில் 2019-இன் கேட்டலினா பதிப்பு முதல் ஐடியூன்ஸுக்குப் பதிலாக, கோப்புகளைப் பார்க்கும் ஃபைண்டரிலேயே கைபேசி தெரிகிறது. விண்டோஸில் ஐடியூன்ஸோ ஆப்பிள் டிவைசஸ் செயலியோ வேண்டும். கைபேசியின் முழுக் காப்புப்பிரதியைக் கணினியிலேயே வைக்கலாம். ஒரு முறை கேபிளில் இணைத்து அமைத்துவிட்டால் பின்னர் வைஃபை வழியாகவும் நடக்கும். காப்புப்பிரதியை மறையாக்கம் செய்யும் தேர்வை இயக்கினால்தான் சேமித்த கடவுச்சொற்களும் உடல்நலத் தரவுகளும் அதில் சேரும். அதற்குத் தரும் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அந்தக் காப்புப்பிரதியை எவராலும் திறக்க முடியாது என்பதால், அதைத் தாளில் எழுதிப் பீரோவில் வைப்பது அறிவுடைமை.

படங்களை விண்டோஸுக்கு நகலெடுக்கும்போது பாதியில் பிழை காட்டி நிற்பது பலருக்கு நேர்கிறது. ஐபோன் தன் ஹெச்ஈஐசி வடிவப் படங்களைப் போகிற போக்கில் ஜேபெக்காக மாற்றிக் கொடுக்க முயல்வது இதற்கு ஒரு காரணம். அமைப்புகளில் படங்கள் பகுதிக்குச் சென்று, 'மூலக் கோப்புகளை அப்படியே வை' என்ற தேர்வை இயக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஐகிளவுட் படங்கள் சேவையில் இடத்தைச் சேமிக்கும் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால், முழு அளவுப் படங்கள் பல கைபேசியில் இருக்கவே மாட்டா என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடர்புகளும் வாட்ஸ்அப்பும்

கோப்புகளைக் காத்தவர்கள்கூடத் தொடர்பு எண்களை மறந்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் கூகிள் கணக்கில்தான் இருக்கின்றன, அதுவும் கிளவுட்தான். எளிய வழி, தொடர்புகள் செயலியிலிருந்து எல்லாவற்றையும் ஒரே விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, அதை ஒத்திசைவுக் கோப்புறையில் போடுவது. அந்தக் கோப்பைக் கணினியில் எழுத்துக் கோப்பாகத் திறந்து பார்த்தால், தமிழ்ப் பெயர்கள் சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகக் குழம்பித் தெரியலாம். அஞ்ச வேண்டாம், விசிஎஃப் கோப்பு எழுதப்படும் பழைய விகார்டு முறையில் தமிழ் எழுத்து அப்படித்தான் குறிக்கப்படுகிறது. வேறொரு கைபேசியில் இறக்குமதி செய்தால் பெயர்கள் சரியாக வந்துவிடும். இரு பக்கமும் திருத்தித் தொடர்ந்து ஒத்திசைக்க விரும்புவோர், வீட்டுக் கணினியில் ராடிகேல் என்ற சிறு சேவையகத்தையும் கைபேசியில் டாவ்எக்ஸ்5 செயலியையும் நிறுவலாம்; தொடர்புகளோடு நாட்காட்டியும் ஒத்திசையும். ஓரளவு தொழில்நுட்பப் பழக்கம் உள்ளவர்களுக்கே இதைச் சொல்வேன்.

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப், உரையாடல்களின் மறையாக்கப்பட்ட பிரதி ஒன்றைக் கைபேசியிலேயே நாள்தோறும் எழுதி வைக்கிறது. ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் 'மீடியா' என்ற பகுதியில் அதன் கோப்புறை இருக்கும். அதை முழுவதுமாகக் கணினிக்குக் கொண்டுவந்து வைக்கலாம். படங்களையும் குரல் செய்திகளையும் கணினியில் திறக்கலாம்; உரையாடலைக் கணினியில் படிக்க முடியாது, அதே எண்ணில் வாட்ஸ்அப்பை மீண்டும் நிறுவும்போது மீட்கத்தான் அது உதவும்.

யாருக்கு எது

நாள்தோறும் கோப்புகள் சேரும், இரு பக்கமும் வேலை செய்யும் ஆண்ட்ராய்டுக்காரர் சின்க்திங்கைத் தேர்வதே சரி என்று உறுதியாகச் சொல்வேன். பதிப்புகள் அமைப்பும், ஒத்திசைவுக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கும் அதற்கு நிபந்தனை. படங்களைக் காப்பது மட்டுமே நோக்கமென்றால் பகிர்ந்த கோப்புறையும் ஒருவழி நகலும் போதும். ஐபோனுக்குக் கேபிளும் ஃபைண்டரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கைபேசியைக் காலி செய்பவர் எதையும் நிறுவ வேண்டாம், நல்ல கேபிள் ஒன்றை வாங்கினால் போதும்; சில மலிவுக் கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும், தரவைக் கடத்தா.

எதைத் தேர்ந்தாலும் உண்மையான கோப்புகளை ஒப்படைக்குமுன் அரை மணி நேரம் சோதியுங்கள். தேவையற்ற மூன்று கோப்புகளை உருவாக்கி, ஒன்றைத் திருத்தி, ஒன்றைப் பெயர் மாற்றி, ஒன்றை அழித்து, மறுபக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்த அரை மணி நேரத்தை நான் அன்று செலவழித்திருந்தால் அந்த மூதாட்டியின் குரல் இன்று இருந்திருக்கும்.

வைஃபை வழிகள் அனைத்துக்கும் பொதுவான சில நடைமுறைகளும் உண்டு. ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு ஐந்து எம்பி கிடைத்தால் 20 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் பல மடங்கு விரைவு. கைபேசி, கணினி இரண்டும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு கோப்பும் காற்றில் இரு முறை பயணிக்கிறது. கணினியை மட்டும் லேன் கேபிளால் ரவுட்டரில் இணைத்தாலே வேகம் கூடும். இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று காணவில்லையென்றால், ஏதேனும் ஒன்று விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வலையமைப்பு பெரும்பாலும் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தே வைக்கும்.

ரவுட்டரே இல்லாத ஊரில் தங்கும் இரவுகளில் நான் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, மடிக்கணினியை அதில் இணைக்கிறேன். இணையம் தேவையில்லை, சிக்னலும் தேவையில்லை. மொபைல் டேட்டாவை மட்டும் முதலில் அணைத்துவிடுகிறேன், இல்லையென்றால் மடிக்கணினி தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கிவிடும். அன்றைய பதிவுகள் சில நிமிடங்களில் மடிக்கணினியில் இறங்கிவிடுகின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்த பின்னரே விளக்கை அணைக்கிறேன்.